டர்பன் வீட்டுத் தோட்டத்தில் பெர்ரிப் பழங்களைக் காப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெர்ரிச் செடி வளர்ப்பது பெரிய வேலை இல்லை. பழத்தை நாம் பறிப்பதுதான் பெரிய வேலை. ஸ்ட்ராபெர்ரி லேசாகச் சிவந்த அன்றே கொண்டைக்குருவி வந்துவிடும். இன்னும் இரண்டு நாள் இனிக்கட்டும் என்று விட்டுவைத்த புளூபெர்ரிக் கொத்தை, நாம் வேலைக்குப் போன பிறகு குரங்குக் கூட்டம் வந்து உருவிக்கொண்டு போகும். சாட்ஸ்வொர்த், ரிசர்வாயர் ஹில்ஸ், இசிபிங்கோ, வெருலம் என்று எங்கே கேட்டாலும் இதுதான் பேச்சு. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக இங்கே குடிவந்தவர்களும், பரம்பரையாக இங்கேயே இருந்து இப்போதுதான் மாமரம், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் பெர்ரி வைக்கத் தொடங்கியவர்களும் முதல் வருடத்திலேயே சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வையுங்கள். விரட்டுவதில் நேரத்தையும் காசையும் செலவழிக்காதீர்கள். பழத்தை எட்டாமல் செய்யுங்கள். பயமுறுத்தும் எந்தப் பொருளும் இந்தப் பிராணிகளிடம் நெடுநாள் செல்லாது. சரியான வலையும் சரியான கம்பிக் கூடும் வருடக்கணக்கில் நிற்கும்.

யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

வலை வாங்கும் முன் ஒரு வாரம் செடியைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். தின்பவர் மாறினால் தடுப்பும் மாறும்.

பழம் காம்பிலேயே இருக்க, சதையில் மட்டும் கொத்திய குழி தெரிந்தால் அது பறவை. இங்கே அதிகம் வருவது மூன்று நான்கு வகைதான். கறுப்புத் தலையும் வாலடியில் மஞ்சளும் உள்ள கொண்டைக்குருவியை இங்கே ‘டாப்பி’ என்பார்கள். நீண்ட வாலோடு கூட்டமாக வந்து கிளையில் தொற்றிக்கொண்டு தின்னும் மவுஸ்பேர்ட் பழத்தோடு நிற்காது. இளந்தளிரையும் மொட்டையும் சேர்த்து மேயும். அடுத்தது நம் மைனா. 1902-இல் டர்பனில் கூண்டிலிருந்து தப்பிய மைனாக்களிலிருந்து பெருகியவைதான் இங்கே இன்று திரிகிறவை. சின்னஞ்சிறு வெள்ளைக்கண்ணிக் குருவியும் மென்மையான பழத்தைக் குடையும். ஆனால் அது அசுவினிப் பூச்சியையும் தின்பதால் அதன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

கிளை முறிந்திருக்கிறது, பச்சைக் காயும் கீழே கிடக்கிறது, ஒரு கடி கடித்துத் தூக்கி எறிந்த பழங்கள் சிதறியிருக்கின்றன, எல்லாம் பகலில் நடந்திருக்கிறது என்றால் அது வெர்வெட் குரங்கு. கறுப்பு முகம், சாம்பல் உடம்பு. இரவில் இது நடமாடாது. அதனால் மாலையில் இருந்த பழம் விடிவதற்குள் காணாமல் போனால் குரங்கைக் குறை சொல்லாதீர்கள். அது பழந்தின்னி வௌவாலாகவோ எலியாகவோ இருக்கும். வௌவால் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகும். சுவரில் கறை, தரையில் சக்கை உருண்டை இருந்தால் அதுதான். எலி தரையோடு இருக்கும் ஸ்ட்ராபெர்ரியைப் பல் பதியக் கடித்திருக்கும், சிலவற்றை இழுத்துக்கொண்டும் போயிருக்கும். பழத்தின் அடிப்பக்கத்தில் ஓட்டையும் பக்கத்தில் வெள்ளியாக மின்னும் கோடும் இருந்தால் நத்தை.

காலையில் பாத்தியைக் கிளறிப்போடும் ஹதீடாவைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த அரிவாள்மூக்கன் தேடுவது மண்புழுவையும் வண்டுப் புழுவையும்தான், பழத்தை அல்ல. வரிக்கீரிக் கூட்டம் வந்து தோண்டுவதும் பெரும்பாலும் பூச்சிக்காகத்தான். புதிதாக நட்ட கன்றைச் சுற்றி நான்கு கல்லை வைத்தால் இரண்டுக்கும் அது போதும்.

செடியையும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

முதல் முறை வைப்பவர்களுக்கு நான் சொல்வது கேப் கூஸ்பெர்ரி. நம்மூர்ச் சொடக்குத் தக்காளியின் பெரிய உறவு அது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் செடியானாலும், நன்னம்பிக்கை முனையில் நெடுங்காலமாகப் பயிரானதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பழத்தைக் காகிதம் போன்ற ஓர் உறை முழுதாக மூடியிருப்பதால் பறவைக்கு உள்ளே பழுத்தது எளிதில் தெரியாது. பழுத்ததும் உறையோடு தானே கீழே விழும். தினமும் மாலையில் பொறுக்கிவிட்டால் எலிக்கும் மிச்சம் இருக்காது. உறையோடு காற்றாட வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. பச்சைக் காயை மட்டும் தின்னக் கூடாது; உள்ளே பொன்னிறமாக மாறியிருக்க வேண்டும்.

ஸ்ட்ராபெர்ரிக்கு மார்ச் முதல் மே வரை நடவுக் காலம். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பழம் தரும். தரையோடு இருப்பதால் வலை போடுவதும் சுலபம். புளூபெர்ரியில் கடற்கரை வெப்பத்துக்கு ஏற்ற, அதிகக் குளிர் கேட்காத ரகமா என்று நர்சரியில் கேட்டு வாங்குங்கள். அதற்குப் புளிப்பான மண் வேண்டும், கார அமில அளவு 4.5 முதல் 5.5 வரை. அதனால் பெரிய தொட்டியில் வளர்ப்பவர்களே அதிகம். அதில் ஒரு வசதியும் உண்டு: தொட்டியை நகர்த்திக் கூட்டுக்குள் வைத்துவிடலாம்.

மல்பெரி மரத்துக்கு வலை போட முயல வேண்டாம். வசந்தத்தில் அது காய்க்கிற காய்ப்புக்கு உங்களுக்கும் பறவைக்கும் போதும். பக்கத்தில் ஏற்கெனவே மல்பெரி இருந்தால் வெட்டாதீர்கள். குருவிக் கூட்டத்தில் பாதி அங்கேயே வயிறு நிறைத்துக்கொள்ளும். புதிதாக நடுவதாயிருந்தால் எந்த வகை என்று நர்சரியில் கேளுங்கள், வெள்ளை மல்பெரி இந்த நாட்டின் அந்நிய ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் இருக்கிறது. மிட்லாண்ட்ஸ் பக்கம் சாலையோரத்தில் முள்ளோடு மண்டிக் கிடக்கும் காட்டுப் பிராம்பிள் என்னும் பிளாக்பெர்ரி இனச் செடியைப் பிடுங்கி வந்து வீட்டில் நடுவதும் கூடாது. அதுவும் அந்தப் பட்டியலில் உள்ளது. அதன் விதையைப் பறவைகள் எங்கும் பரப்பிவிடும்.

இடம் பார்க்கும்போது வெயிலை மட்டும் பார்க்காதீர்கள். மதில் சுவர், கார் ஷெட் கூரை, மாமரக் கிளை இவற்றிலிருந்து இரண்டு மூன்று மீட்டராவது தள்ளி நடுங்கள். குரங்கு தரை வழியாக மட்டும் வருவதில்லை, அந்தச் சுவரும் கிளையும் அதற்குப் பாதை. சில்வர்க்ளென் போன்ற காட்டுப் பகுதியை ஒட்டிய வீடுகளில் இது இன்னும் முக்கியம்.

பறவைக்கு வலை

இதில் பலரும் கவனிக்காதது வலையின் கண் அளவு. கடையில் பறவை வலை என்று விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் வலைகள் பலவற்றில் கண் பெரியது. பறவை தலையை விடும், இறக்கை மாட்டும், வெயிலில் துடித்துச் சாகும். வௌவாலுக்கும் பாம்புக்கும் அதே கதிதான். வலையைக் கையில் பிடித்து இழுத்து, கண்ணில் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையை முழுதாக இழுத்தாலும் கண் 5 மி.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்த அளவையே பிடித்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லையென்றால் 20 சதவீத வெள்ளை ஷேட் நெட் நன்றாகவே வேலை செய்யும். 80 சதவீதம் வாங்கிவிடாதீர்கள், செடி இருட்டில் நின்றுபோகும். வெள்ளை நிறம் இரவில் வௌவால் கண்ணுக்கும் தெரியும், கறுப்பு தெரியாது.

ஸ்ட்ராபெர்ரிப் பாத்திக்கு இப்படிச் செய்யுங்கள். பாத்தியின் இரண்டு பக்கமும் மீட்டருக்கு ஒன்றாகச் சிறு இரும்புக் கம்பித் துண்டுகளைத் தரையில் அறையுங்கள். வளைகிற பிவிசி பைப்பை ஒரு கம்பியில் சொருகி வளைத்து எதிர்க் கம்பியில் சொருகினால் வளைவு கிடைக்கும். எல்லா வளைவின் உச்சியையும் ஒரு நீளப் பைப்பால் இணைத்து கேபிள் டை போட்டு இறுக்குங்கள். அதன்மேல் வலையை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தொளதொளவென்று தொங்கினால்தான் பிராணி சிக்கும். பழத்தின்மேல் வலை படிந்திருந்தால் குருவி வெளியே நின்றே கொத்திவிடும். வலைக்கும் செடிக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். ஓரத்தைச் சுற்றிலும் மரச்சட்டமோ செங்கல்லோ வைத்து அழுத்துங்கள். டர்பனின் வடகிழக்குக் காற்று ஒரு மாலையில் வலையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியது. ஆணியும் முளையும் தாராளமாக அடியுங்கள்.

தரையில் சுருண்டு கிடக்கும் மீதி வலையை ஒருபோதும் அப்படியே விடாதீர்கள். பாம்பு அதில்தான் மாட்டும். பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாத பச்சைப் புதர்ப்பாம்பாக இருக்கும். ஆனால் ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் பிளாக் மாம்பா உலவும் ஊர் இது. வலையில் பாம்பு மாட்டியிருந்தால் கிட்டே போகாமல், கண் எடுக்காமல் தூரத்தில் நின்று பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

எப்போது போடுவது? பூத்திருக்கும்போது வேண்டாம். ஸ்ட்ராபெர்ரிக்கும் புளூபெர்ரிக்கும் தேனீ வந்தால்தான் பழம் பெரிதாகவும் ஒழுங்காகவும் பிடிக்கும்; 5 மி.மீ. கண்ணில் தேனீ நுழையச் சிரமப்படும். பூ உதிர்ந்து காய் பிடித்த பின், நிறம் மாறும் முன் போட்டுவிடுங்கள். ஸ்ட்ராபெர்ரி பச்சையிலிருந்து வெளுக்கும் நாள், புளூபெர்ரி பச்சையில் இளஞ்சிவப்பு ஏறும் நாள், அதுதான் கணக்கு. பறவை ஒருமுறை ருசி கண்ட பிறகு போட்டால் சந்து தேடிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ராபெர்ரியில் பூவும் பழமும் சேர்ந்தே இருக்கும் வாரங்களில், தேனீ நன்றாகப் பறக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் வேலை செய்துகொண்டே வலையின் ஒரு பக்கத்தைத் தூக்கிவையுங்கள்.

செடி ஒன்றிரண்டுதான் என்றால் இத்தனையும் வேண்டாம். கல்யாண வீட்டில் இனிப்புப் போட்டுத் தரும் ஆர்கன்சா சுருக்குப் பைகளை எடுத்து வையுங்கள். ஒரு கொத்துக்கு ஒரு பை மாட்டிக் கயிற்றை இழுத்துவிட்டால் குருவிக்கு எட்டாது, பழ ஈக்கும் எட்டாது.

குரங்குக்குக் கூடு

வலை, பை எல்லாம் குரங்குக்கு ஒரு பொருட்டே இல்லை. கையால் கிழிக்கும், முடிச்சை அவிழ்க்கும். குரங்கு வரும் தெருவில் இருந்தால் கம்பிக் கூடு ஒன்றுதான் வழி. செலவு அதிகம்தான். ஆனால் ஒருமுறை செய்தால் பறவை, குரங்கு, வௌவால் மூன்றுக்கும் அதுவே போதும், ஒவ்வொரு பருவத்திலும் வலையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது 13 மி.மீ. கண் உள்ள கால்வனைஸ்டு வெல்ட் மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை. கோழிக்கூட்டுக்குப் போடும் அறுகோண வலை மலிவு. ஆனால் குரங்கு தொற்றி இழுத்தால் நெகிழ்ந்துபோகும். 13 மி.மீ. கண்ணில் குரங்கின் விரல் நுழைந்தாலும் கை நுழையாது, வெள்ளைக்கண்ணியும் நுழையாது. தேனீ மட்டும் தாராளமாக நுழையும். இதனால் பூக்காலத்தில் கூட்டைத் திறக்கவே தேவையில்லை. விறைப்பான கம்பி என்பதால் எந்தப் பிராணியும் சிக்கிக்கொள்ளாது. கடற்காற்றில் துரு சீக்கிரம் ஏறும், ஆகவே கால்வனைஸ்டு இல்லாததை வாங்காதீர்கள்.

நான்கு புளூபெர்ரிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் போதும். நீங்கள் உள்ளே நிமிர்ந்து நின்று பறிக்கும்படி இருக்க வேண்டும். குனிந்து நுழையும் கூட்டை யாரும் தினமும் திறப்பதில்லை. ஹார்டுவேர் கடைக்குப் போய் முதலில் மெஷ் ரோலின் அகலத்தைக் கேட்டு, அதற்குத் தக்கபடி கூட்டின் அளவை முடிவு செய்தால் வெட்டும் வேலை குறையும்.

மூலைக்கு ஒன்றும் நீளப் பக்கங்களின் நடுவே ஒவ்வொன்றுமாக ஆறு மருந்தேற்றிய யூகலிப்டஸ் மரக் கம்பம் (கடையில் ‘கம் போல்’ என்பார்கள்) வேண்டும். அரை மீட்டருக்குக் குறையாமல் குழி தோண்டி நட்டு, மண்ணை இடித்து இறுக்குங்கள். மேலே சுற்றிலும் சட்டம் அடித்து, நடுவில் குறுக்காக ஒன்று கொடுங்கள். குரங்கு கூரைமேல்தான் குதிக்கும். மெஷ்ஷைப் பக்கங்களில் பிடிக்கும்போது அடியில் 30 செ.மீ. மிச்சம் விட்டு, அதை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணுக்குள் புதையுங்கள். எலி தோண்டி வந்தாலும் அங்கே தட்டி நின்றுவிடும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, கட்டுக்கம்பியால் நெருக்கமாகக் கட்டுங்கள். கூரையைக் கடைசியில் போடுங்கள், கூரையும் பக்கமும் சேரும் விளிம்பைக் கூடுதலாகப் பாருங்கள். எங்கேயாவது ஒரு சந்து இருந்தால் கூட்டத்தின் குட்டி அதைக் கண்டுபிடிக்கும்.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. குரங்கு நம் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அழுத்தித் திறக்கும் ஸ்பிரிங் கொக்கியோ சிறு பூட்டோ போடுங்கள்.

பிளாட்டில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சின்னது. பால்கனியில் ஏற்கெனவே பர்க்ளர் கார்ட் கம்பி இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அதன் உள்பக்கத்தில் இதே மெஷ்ஷைக் கேபிள் டையால் கட்டினால் பால்கனியே கூடாகிவிடும்.

செய்யக் கூடாதவை

பிளாஸ்டிக் ஆந்தை, பழைய சிடி, மினுமினுக்கும் நாடா எல்லாம் சில நாளைக்கு வேலை செய்யும். பிறகு ஆந்தையின் தலையிலேயே மைனா உட்காரும். ரப்பர் பாம்பு குரங்கிடம் கொஞ்சம் கூடுதல் நாள் செல்லும், அதற்குக் காரணமும் உண்டு. பாம்புக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, சிறுத்தைக்கு ஒன்று என்று வெர்வெட் குரங்கு தனித்தனிக் குரல் எழுப்பி எச்சரிப்பதைக் கென்யாவின் அம்போசெலியில் ஆராய்ந்தவர்கள் 1980-இல் எழுதினார்கள். பாம்பு என்றால் அவ்வளவு பயம். ஆனாலும் அசையாத பாம்பு பாம்பல்ல என்று சீக்கிரம் தெரிந்துகொள்ளும். பழம் முற்றும் கடைசி வாரத்தில் மட்டும், தினமும் இடம் மாற்றி வைப்பதாக இருந்தால் வையுங்கள்.

பெல்லட் துப்பாக்கியால் சுடுவதையும் விஷம் வைப்பதையும் நினைத்தும் பார்க்காதீர்கள். பெல்லட் பட்ட குரங்கு உடனே சாவதில்லை. புதரில் கிடந்து நாள்கணக்கில் வதைபடும். விஷம் பக்கத்து வீட்டு நாயையும், செத்த எலியைத் தின்னும் ஆந்தையையும் சேர்த்துக் கொல்லும். 1962-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டுக்கும் வழக்கு வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குட்டி ஈனும் காலம். தாய்க் குரங்கின் வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருக்கும். நம் புளூபெர்ரி பழுப்பதும் ஏறக்குறைய அதே காலம் என்பதால் இதைச் சொல்கிறேன். நாயை ஏவுவதும் வேண்டாம், இரண்டுக்கும் பலத்த காயம்தான் மிஞ்சும்.

குரங்கு எதிரே நின்றால் கண்ணை உற்றுப் பார்க்காமல், பல்லைக் காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போங்கள்; குவாசுலு நட்டாலில் ரேபிஸ் இருக்கிறது. வலையில் சிக்கிய வௌவாலையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

குரங்கைத் தோட்டத்துக்கு அழைப்பது பெரும்பாலும் பெர்ரி அல்ல, வீட்டைச் சுற்றிக் கிடக்கும் மற்ற தீனி. நம் வீடுகளில் முற்றத்து மாடத்தில் அம்மனுக்கு வாழைப்பழமும் தேங்காயும் வைக்கிறோம். பூசை முடிந்து கற்பூரம் அணைந்ததும் பிரசாதத்தை உள்ளே எடுத்துவிடுங்கள். கும்பிட்டதை அப்படியே விட்டுவைத்தால் கூட்டம் அந்த நேரத்தைக் கணக்குவைத்து வரும். குப்பையின் கறுப்புப் பையை முந்தின இரவே கேட்டுக்கு வெளியே வைக்காமல், வண்டி வரும் காலையில் வையுங்கள். விழுந்த மாம்பழத்தையும் அவகாடோவையும் அன்றன்றே பொறுக்குங்கள்.

பறிப்பு

பழக்காலத்தில் தினமும் விடிந்ததும் பறியுங்கள். ஸ்ட்ராபெர்ரி பறித்த பின் இனிக்காது, ஆகவே முழுக்கச் சிவக்கும்வரை விடத்தான் வேண்டும். சிவந்த பழத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. புளூபெர்ரி நீலமானதும் பறித்தால் புளிக்கும். நீலமாகி மூன்று நான்கு நாள் கழித்து, தொட்டதும் கையில் உதிர்வதுதான் பதம். அந்த மூன்று நான்கு நாளுக்காகத்தான் இத்தனை கம்பியும் வலையும். வௌவால் வரும் இடமானால் பழுத்ததை இருட்டும் முன் ஒரு முறையும் பாருங்கள்.

இங்கே குளிர்காலத்தில் மழை குறைவு. தாகத்துக்காகவும் குருவி பழத்தைக் கொத்தும். தோட்டத்தின் மறுகோடியில் ஓர் ஆழமில்லாத சட்டியில் தண்ணீர் வையுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வேலிக்கு நம்-நம்

நிரந்தர வேலி வைக்க இடம் இருப்பவர்கள் நட்டால் பிளம் என்னும் நம்-நம் செடியைப் பாருங்கள். நம் களாக்காய்ச் செடியின் இனம்தான். இந்தக் கடற்கரையின் சொந்தச் செடி, உப்புக் காற்றைத் தாங்கும். கவட்டை முள் இரண்டாகப் பிரிந்து நிற்பதால் நாயோ மானோ நுழையத் தயங்கும். வெள்ளை நட்சத்திரப் பூ மணக்கும். நன்றாகச் சிவந்து மென்மையான பழத்தை உண்ணலாம், ஊறுகாய் போடுபவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். இலை, தண்டு, பால் எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஒரு மீட்டருக்கு ஒன்றாக நட்டு, நுனியை அவ்வப்போது கிள்ளிவந்தால் சில ஆண்டுகளில் அடர்ந்துவிடும். குரங்கை இது நிறுத்தாது. கூட்டுக்குப் பதிலாக இதை நம்பாதீர்கள். கிளூஃப், ஹில்கிரெஸ்ட் பக்கம் இரவில் புதர்மான் வந்து தளிர் மேயும் வீடுகளுக்கு மிகவும் உதவும்.

பருவம் முடிந்தபின்

கடைசிப் பழம் பறித்த அன்றே மெல்லிய வலையைக் கழற்றுங்கள். பழம் இல்லாத செடியின்மேல் கிடக்கும் வலையால் யாருக்கும் பயனில்லை. வெயிலில் நைந்து, கிழிந்து, பிராணிகளைச் சிக்கவைக்கும். அலசிக் காயவைத்து, சுருட்டி, எலி கடிக்காத மூடிபோட்ட வாளியில் வையுங்கள். கம்பிக் கூட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, தளர்ந்த கட்டுகளை முறுக்குங்கள், துருப்பிடித்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் அடியுங்கள். கோடை மழை மண்ணை அரித்துக் கூட்டின் அடியில் சந்து உண்டாக்கியிருக்கும், அதை மூடுங்கள். புளூபெர்ரியில் காய்ந்த குச்சிகளையும் கூரையை முட்டும் கிளைகளையும் வெட்டிவிட்டு, பைன் மரப்பட்டை மூடாக்கு போட்டு வையுங்கள். ஸ்ட்ராபெர்ரியின் ஓடுகொடிகளில் வேர்விட்ட கன்றுகளைத் தனியே சிறு தொட்டிகளில் எடுத்து வைத்தால் மார்ச்சில் புதுப் பாத்திக்குக் கன்று வாங்க வேண்டியிருக்காது.